இங்கிலாந்துக் கிராமத்துப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி?

இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று பாதி வேர் அந்த நாட்டுக் கிராமங்களில் இருக்கிறது. மருமகளோ மருமகனோ ஆங்கிலேயர். பேரப்பிள்ளை குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால், அப்பா பக்கம் திருநெல்வேலி வரை சொல்லிவிடலாம். அம்மா பக்கம் கேட்டால் "ஹாம்ப்ஷயரில் ஏதோ ஒரு கிராமம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சென்னையிலும் திருச்சியிலும் உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் இதே கதைதான். ரயில்வேக்கோ பட்டாளத்துக்கோ வந்த ஒரு கொள்ளுத்தாத்தா, அவர் பிறந்த ஊரின் பெயர், அவ்வளவுதான் மிச்சம்.

அந்த ஊர்ப் பெயர் ஒன்று இருந்தாலே நிறையத் தூரம் போகலாம். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பாரிஷும் (ஒரு கிறிஸ்தவக் கோயிலின் கீழ் வரும் பங்கு) தன் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து பண்ணையாளும் இடையனும் வேலைக்காரப் பெண்ணும் பிரபுவோடு ஒரே ஏட்டில் இடம்பிடித்திருக்கிறார்கள். பெயர் கிடைப்பது அத்தனை கஷ்டமில்லை. கிடைத்தவர் உண்மையிலேயே நம் முன்னோர்தானா என்று உறுதிசெய்வதுதான் இதில் முழு வேலையும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

விளக்க வசதியாக ஒரு நிஜக் கிராமத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஹாம்ப்ஷயர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) பேசிங்ஸ்டோக் அருகே உள்ள ஸ்டீவென்டன். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டென் பிறந்த ஊர். அவருடைய அப்பா ஜார்ஜ் ஆஸ்டென்தான் அங்கே ரெக்டர், அதாவது பாரிஷ் குரு. அந்தக் குடும்பத்தின் ஆவணங்களைப் பலரும் அலசியிருப்பதால், நாம் படிக்கும் ஒவ்வொரு படியையும் அவர்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வீட்டில் தொடங்குங்கள்

1700இல் ஒரு பெயரைக் கண்டுபிடித்து அங்கிருந்து கீழே இறங்கி வரப் பார்க்காதீர்கள். இருக்கிற ஆளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் முதலில் பேசுங்கள். திருமணச் சான்றிதழ், பட்டாளத்துக் காகிதம், இறுதிச் சடங்கு அட்டை, புகைப்படத்தின் பின்பக்கம் எழுதியது எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், இது யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு தேதிகள் மோதும்போது, எதை நம்புவது என்று அந்த ஒரு வரிதான் சொல்லும்.

1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் அரசுப் பதிவுக்கு வந்தன. அதனால் 1837 வரை பின்னோக்கிப் போகும் பாதை ஓரளவு ஒழுங்கானது. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கினால் பிறப்பு, இறப்பு அட்டவணைகளைத் தேடலாம். பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் இருப்பது பெரிய உதவி. சான்றிதழின் நகலுக்குக் கட்டணம் உண்டு. எதையாவது வாங்குவதென்றால் முதலில் திருமணச் சான்றிதழை வாங்குங்கள். மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே காகிதத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடும். வயது என்ற இடத்தில் 'முழு வயது' என்று மட்டும் இருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள். தொடக்க ஆண்டுகளில் பதிவாகாமல் போன பிறப்புகளும் உண்டு. பதிவுசெய்யும் பொறுப்பைப் பெற்றோர் மேல் வைத்து, தவறினால் அபராதம் என்று சட்டம் இறுகியது 1875இல்தான்.

இதோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கு இப்போது பார்க்கக் கிடைக்கிறது. 1931இல் எடுத்தது 1942இல் தீயில் எரிந்துபோனது; 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. கிராமத்து முன்னோரைத் தேடுபவருக்கு இவற்றில் தங்கம் என்றால் 1851தான். அந்த ஆண்டிலிருந்துதான் ஒவ்வொருவரும் எந்தப் பாரிஷில் பிறந்தார், வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதத் தொடங்கினார்கள். 1780இல் பிறந்த ஒரு கிழவர் 1851 வரை இருந்திருந்தால், அவருடைய பாரிஷ் பெயர் நேராகக் கைக்கு வந்துவிடும். 1841இல் பிறந்த கவுண்டியா இல்லையா என்று மட்டும்தான் கேட்டார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும் வழக்கமும் அப்போது இருந்தது. 1841இல் 35 என்று இருந்தால் 35 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம்.

எந்தப் பாரிஷ்?

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அது எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீவென்டன் என்ற பெயரில் பழைய பெர்க்‌ஷயர் கவுண்டியிலும் ஒரு கிராமம் உண்டு. 1974 எல்லை மாற்றத்துக்குப் பிறகு அது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருக்கிறது. ஹாம்ப்ஷயர்க் குடும்பத்தை அந்த ஊரில் தேடினால் அதே குடும்பப் பெயரில் யாரோ ஒருவர் கிடைத்தாலும் கிடைப்பார், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஜெனுகி என்ற இலவசத் தளம் கவுண்டி வாரியாக, பாரிஷ் வாரியாக விவரம் தருகிறது. தொடங்க நல்ல இடம்.

அப்புறம் ஒரு வரைபடம் எடுத்து அக்கம்பக்கத்துப் பாரிஷ்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீவென்டனைச் சுற்றி டீன், ஆஷ், டம்மர், நார்த் வால்தம், ஓவர்டன். கிராமத்து ஜனங்கள் ஒரே இடத்தில் வேரூன்றிக் கிடந்தார்கள் என்பது வெறும் நினைப்பு. பண்ணை வேலைக்காரர்கள் ஆண்டுதோறும் எஜமானரை மாற்றினார்கள். பெண் பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். ஆஸ்டென் குடும்பத்தையே பாருங்கள். ஸ்டீவென்டன் பதிவேட்டை மட்டும் புரட்டினால் மூத்த பிள்ளைகள் மூவர் விட்டுப்போவார்கள். ஜேம்ஸ், ஜார்ஜ், எட்வர்ட் மூவரும் குடும்பம் டீனில் இருந்தபோது பிறந்தவர்கள். 1768இல்தான் ஸ்டீவென்டனுக்கு வந்தார்கள். பெற்றோரின் திருமணமோ இந்த இரண்டு ஊரிலும் இல்லை. 1764 ஏப்ரலில் பாத் நகரின் வால்காட் கோயிலில் நடந்தது. மணமகள் கஸாண்ட்ரா லீயின் குடும்பம் அப்போது அங்கே இருந்தது. திருமணம் தேடினால் பெண் வீட்டார் ஊரில் தேட வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியில்லைதானே.

பதிவேட்டைப் படிப்பது

பாரிஷ் பதிவேடுகளின் மூலப் பிரதிகள் இப்போது பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டீவென்டனுடையது வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் காப்பகத்தில். படங்களாகப் பலவும் இணையத்தில் வந்துவிட்டன, ஆனால் ஒவ்வொரு கவுண்டியும் ஒவ்வொரு தளத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. இலவசமாகப் பார்க்க ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெஜ். கட்டணத்துக்கு ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பாரிஷ், உங்கள் ஆண்டு அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேட்டால், அந்தக் கட்டணத் தளத்தை நூலகக் கணினியில் சும்மாவே பார்க்கலாம் என்பார்கள்.

அட்டவணை வேறு, பதிவேடு வேறு. அட்டவணையில் பெயரும் தேதியும் மட்டும்தான் வரும். அசல் பக்கத்தின் ஓரத்தில் குரு கிறுக்கியிருக்கும் 'ஏழை', 'இரட்டைக் குழந்தை', 'இந்த ஊருக்குப் புதிது' போன்ற குறிப்புகளை யாரோ தட்டச்சு செய்யாமல் விட்டிருப்பார்கள். அசலின் படம் கிடைக்குமென்றால் அதைப் பார்க்காமல் எதையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

1538இலிருந்து முழுமையாகப் பதிவேடு தப்பிய ஊர்கள் குறைவு. தாளில் எழுதியதைத் தோலில் பெயர்த்து எழுதச் சொல்லி 1598இல் உத்தரவு வந்தபோது, எலிசபெத் அரசியான 1558இலிருந்து எழுதினால் போதும் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அதே உத்தரவின்படி ஒவ்வொரு ஆண்டும் ஒரு நகல் பிஷப்புக்குப் போனது. பதிவேடு செல்லரித்திருந்தாலோ பக்கம் கிழிந்திருந்தாலோ அந்த பிஷப் நகலைக் கேளுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1640களிலிருந்து 1660 வரை பல ஊர்களில் பெரிய ஓட்டை இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம், நாடு முழுக்கவே அப்படித்தான்.

ஞானஸ்நானப் பதிவு பிறந்த தேதியைச் சொல்வதில்லை. ஜேன் ஆஸ்டென் பிறந்தது 1775 டிசம்பர் 16. மறுநாளே அப்பா வீட்டில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கோயிலில் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1776 ஏப்ரல் 5. குழந்தை பிழைக்குமோ என்ற பயமோ கடுங்குளிரோ இருந்தால் வீட்டில் முதலில், கோயிலில் பிறகு என்று செய்வார்கள். ஒரே குழந்தைக்கு இரண்டு தேதி வந்தால் இரண்டு குழந்தை என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் சில வீடுகளில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு. அந்த ஆண்டுகளில் பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்று இருப்பது வரி தவிர்க்கக் குரு காட்டிய இரக்கமாகவும் இருக்கலாம்.

1813 தொடங்கிப் படிப்பது சுலபம். அச்சடித்த படிவம் வந்துவிட்டது, பக்கத்துக்கு எட்டுப் பெயர். ஞானஸ்நானத்தில் தகப்பனின் தொழிலும் வீடிருந்த இடமும், அடக்கத்தில் வயதும் இருக்கும்.

திருமணத்துக்கு 1754 முக்கியமான ஆண்டு. ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் அந்த மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. குவேக்கர்கள் என்ற தனிக் கிறிஸ்தவச் சபையினர், யூதர்கள் தவிர எல்லோரும் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் கோயிலில், ஓலை வாசித்தோ (கோயிலில் கல்யாண அறிவிப்புச் செய்து) லைசென்ஸ் வாங்கியோதான் மணக்க வேண்டும். அதற்கென்று தனி ஏடு. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். அந்தக் குறியை நிதானமாகப் பாருங்கள். சிலருடையது நடுங்கியிருக்கும், சிலர் பேனாவைத் தாளில் குத்தி மை சிந்தியிருப்பார்கள். முன்னோர் ஒருவரின் கை நேராகத் தொட்ட இடம் அது ஒன்றுதான் என்றுகூட இருக்கலாம். சாட்சிப் பெயர்களைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சாட்சி எல்லாத் திருமணத்திலும் வந்தால் அவர் கோயில் எழுத்தர். ஒரு திருமணத்தில் மட்டும் வருபவர் பெரும்பாலும் அண்ணனோ தங்கையோதான். மணமக்கள் வெவ்வேறு பாரிஷ் என்றால் இரண்டு ஊரிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்திருப்பார்கள். அதனால் ஓலைப் புத்தகத்தில் மற்றவரின் ஊர் இருக்கும். ஆனால் ஓலை வாசித்த எல்லோருக்கும் கல்யாணம் நடந்ததாக ஆகாது.

ஸ்டீவென்டன் திருமண ஏட்டில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்டும் மாதிரிப் பக்கத்தில், சிறுமியாக இருந்த ஜேன் தனக்குத் தானே கற்பனை மாப்பிள்ளைகளின் பெயரை எழுதி நிரப்பிவைத்திருக்கிறார். லண்டனைச் சேர்ந்த ஹென்றி ஃபிரெடெரிக் ஹோவர்ட் ஃபிட்ஸ்வில்லியம் ஒருவர், லிவர்பூலைச் சேர்ந்த எட்மண்ட் ஆர்தர் வில்லியம் மார்ட்டிமர் ஒருவர், கடைசியில் வெறும் ஜாக் ஸ்மித். அட்டவணையை மட்டும் நம்புகிறவருக்கு இப்படியொரு பக்கம் இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

தேதிகளில் ஒரு கண்ணி

1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. 1720 மார்ச் 24க்கு மறுநாள் 1721 மார்ச் 25. ஒரு தம்பதிக்கு 1720 மே மாதம் கல்யாணம். அதே ஏட்டில் 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே குழந்தை என்று பதற வேண்டாம். அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1721. கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. இந்த மாதிரித் தேதிகளை 1720/21 என்று இரண்டு ஆண்டும் போட்டு எழுதிக்கொள்வதுதான் வழக்கம். மாதத்தை '7பெர்' என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை இல்லை. '8பெர்' அக்டோபர்.

1733க்கு முந்தைய ஏடுகள் சில லத்தீனில் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, பத்துப் பதினைந்து சொல் தெரிந்தால் போதும். ஜாக்கோபஸ் என்றால் ஜேம்ஸ், கூலியெல்மஸ் என்றால் வில்லியம், ஃபீலியஸ் மகன், ஃபீலியா மகள். பழைய கையெழுத்துதான் உண்மையான சிரமம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தன் தளத்தில் அதற்கு இலவசப் பாடம் வைத்திருக்கிறது. அதே குருவின் கையில் தெளிவாகத் தெரிகிற ஒரு பெயரிலிருந்து எழுத்துகளைப் பழகிக்கொண்டு, தெரியாத பெயருக்குப் போங்கள்.

இவர்தானா அவர்?

ஒரு கிராமத்தில் 1790இல் ஒரு ஜான் பிறந்திருக்கிறார், 1815இல் ஒரு ஜான் மணந்திருக்கிறார், குடும்பப் பெயரும் ஒன்று. இருவரையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் ஜான், வில்லியம், தாமஸ், மேரி, எலிசபெத், ஆன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களை வைத்துத்தான் ஊர் முழுக்கக் காலம் தள்ளியிருக்கிறது. அண்ணன் தம்பி இருவரும் தாத்தா பெயரையே தங்கள் மகன்களுக்கு வைத்திருப்பார்கள்.

எனவே முதல் வேலை, அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதா என்று பார்ப்பது. ஞானஸ்நானம் கிடைத்த தேதியிலிருந்து அடக்கப் பதிவேட்டை வருஷம் வருஷமாகப் படியுங்கள். 1790இல் ஞானஸ்நானம் பெற்ற ஜான் 1792இல் அடக்கமாகியிருந்தால், 1815இல் மணந்தவர் அவராக இருக்க வழியில்லை. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைப்பதும் சாதாரணம். 1794இல் இன்னொரு ஜான் இருக்கிறாரா பாருங்கள். இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் இரண்டு வயதில் செத்த குழந்தைக்குக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி வரை கொடுத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். பிறர் மரத்தைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக வைக்காதீர்கள்.

அடுத்து, பாரிஷில் அந்தக் குடும்பப் பெயர் உள்ள எல்லாப் பதிவுகளையும் ஒரு தாளில் இறக்கி, குடும்பம் குடும்பமாகப் பிரியுங்கள். உங்களுக்கு வேண்டியவரை மட்டும் எடுத்தால் குழப்பம் தீராது. வேண்டாதவர்களையும் அவரவர் வீட்டில் உட்கார வைத்தால்தான் மிஞ்சியவர் யாரென்று தெரியும். எழுத்துக்கூட்டல் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். குரு காதில் விழுந்தபடி எழுதினார். ஆஸ்டென் என்பது ஆஸ்டின் என்றும் வரும். தொடக்கத்து 'ஹ' ஓசை காணாமல் போகும்.

பதிவேட்டில் ஆளே இல்லையென்றால், ஒருவேளை மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் போன்ற வேறு சபையினர். அந்தச் சபைகளின் பழைய ஏடுகளில் பல 1837க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது தேசியக் காப்பகத்தில் உள்ளன.

ஏழைகளின் காகிதங்கள்

பதிவேட்டோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் உண்மையான கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு கூலிக்காரருக்கு உயில் இல்லை, கல்லறைக் கல் இல்லை, சொத்து இல்லை. ஆனால் அவருக்குக் கஷ்டம் வந்தபோது பாரிஷ் செலவுசெய்தது, அந்தச் செலவுக்குக் கணக்கும் எழுதியது.

1601 ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் வரி வசூலித்துத் தன் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று ஊர்க்காரர்களிலேயே ஓவர்சியர்களை நியமித்தார்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் விதவைக்கு வாராந்தர உதவி, பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு, காய்ச்சலில் கிடந்தவருக்கு விறகு, கடைசியில் சவப்பெட்டி, அடக்கத்தன்று பீர் என்று பெயர் பெயராக இருக்கும்.

அடுத்த கேள்வி, யார் 'தன்' ஏழை? 1662இல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம் அதற்குத்தான். ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு பாரிஷில் உரிமை இருக்கும். பொதுவாகத் தகப்பனின் பாரிஷ், மனைவிக்குக் கணவனுடையது, மணமாகாத தாயின் குழந்தைக்குப் பிறந்த ஊர். இந்தச் சட்டத்தின்படியும் பின்னால் வந்த சட்டங்களின்படியும், ஓர் ஊரில் முழுசாக ஓராண்டு வேலைக்காரராக இருந்தாலோ, தொழில் பழகும் பையனாகச் சேர்ந்தாலோ, ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகையில் இடம் பிடித்தாலோ அந்த ஊரின் உரிமை கிடைக்கும். இது பிடிக்காத பண்ணைக்காரர்கள் ஓராண்டு முடியாமல் 51 வாரத்துக்கு ஆள் எடுத்த தந்திரமும் நடந்திருக்கிறது.

ஒருவர் உதவி கேட்டு வந்தால், நீதிபதிகள் முன்னால் நிறுத்தி விசாரிப்பார்கள். அந்த விசாரணை வாக்குமூலம்தான் இந்தத் தேடலில் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய பொக்கிஷம். எங்கே பிறந்தேன், என் தகப்பன் எந்த ஊர், எத்தனை வயதில் மிக்கேல்மஸ் திருநாளில் எந்தப் பண்ணையில் ஓராண்டுக்கு என்ன கூலிக்குச் சேர்ந்தேன், அடுத்து எங்கே போனேன், யாரை எந்தக் கோயிலில் மணந்தேன், பிள்ளைகள் யார், வயது என்ன என்று வரிசையாக இருக்கும். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவரின் முழு வாழ்க்கையும் ஒரு தாளில், அடியில் அவருடைய பெருக்கல் குறியோடு. உரிமை வேறு ஊரில் என்று முடிவானால் வெளியேற்ற ஆணை. மனைவி மக்களோடு அந்த ஊருக்குக் கொண்டுபோய் விடுவார்கள். ஆணையின் ஒரு பிரதி அனுப்பிய பாரிஷிலும் ஒன்று வாங்கிய பாரிஷிலும் இருந்திருக்கும். இரண்டு இடத்திலும் தேடுங்கள்.

ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாமலிருந்தால் இந்தக் கட்டிலேயே தேட வேண்டும். மணமாகாத கர்ப்பிணியை ஓவர்சியர்கள் விசாரித்துத் தகப்பன் யாரென்று எழுதிவாங்கி, அந்த ஆளிடமிருந்து குழந்தைச் செலவுக்குப் பத்திரம் வாங்குவார்கள். பாரிஷ் பணம் மிச்சப்பட வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அந்தப் பெண்ணுக்கு அது எத்தனை கொடுமையாக இருந்திருக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டே அந்தக் காகிதத்தைப் படியுங்கள்.

1834இல் சட்டம் மாறி, பாரிஷ்களைச் சேர்த்து யூனியன்கள் அமைத்தார்கள். அதன்பின் ஏழைகளைத் தேட வேண்டிய இடம் யூனியனின் ஒர்க்ஹவுஸ் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லம்) ஏடுகள். 1830 கடைசியில் ஹாம்ப்ஷயர் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தார்கள். டிசம்பரில் வின்செஸ்டரில் சிறப்பு நீதிமன்றம் கூடிப் பலரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் 1831க்கு அப்புறம் அடக்கமும் இல்லாமல் ஆளும் இல்லாமல் மறைந்தால், குற்றவழக்குப் பதிவுகளையும் பாருங்கள்.

வசதியான வீட்டிலும் ஏட்டுக்கு மட்டும் தெரிந்தவர்கள் உண்டு. ஜேனின் இரண்டாவது அண்ணன் ஜார்ஜ் சிறுவயதிலிருந்தே நோயாளி. மாங்க் ஷெர்போர்ன் என்ற கிராமத்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் விட்டிருந்தார்கள். குடும்பக் கடிதங்களில் அவரைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. 1838 ஜனவரியில் இறந்தார். அதற்குள் அரசுப் பதிவு வந்துவிட்டிருந்தது. இறப்புப் பதிவில் அவரை 'ஜென்டில்மேன்' என்று எழுதியிருக்கிறார்கள். அடக்கம் மாங்க் ஷெர்போர்ன் கோயிலில், கல் இல்லை. உங்கள் குடும்ப மரத்திலும் இப்படிப் பேசாமல் விட்ட பிள்ளை ஒருவர் இருக்கலாம். அவருக்கும் அவருடைய இடத்தைக் கொடுங்கள்.

உயிலும் நிலமும்

1858 ஜனவரி 12க்கு முன் உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டன. சிறு விவசாயிக்கு ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்குக் கீழிருந்த அதிகாரி) நீதிமன்றம் அல்லது பிஷப் நீதிமன்றம், அவற்றின் ஏடுகள் கவுண்டி காப்பகத்தில். பெரிய சொத்துக்கு கேன்டர்பரி பேராயர் நீதிமன்றம், அவற்றைத் தேசியக் காப்பகத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஜேன் 1817இல் எழுதிய உயில் அங்கேதான் இருக்கிறது. அண்ணன் ஹென்றிக்கு 50 பவுண்டு, மேடம் பிஜோன் என்ற பெண்மணிக்கு 50 பவுண்டு, மற்றதெல்லாம் அக்கா கஸாண்ட்ராவுக்கு. சாட்சிக் கையெழுத்து இல்லாததால், இது அவர் எழுத்துதான் என்று தெரிந்தவர்கள் இருவர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. தச்சர், கொல்லர், சத்திரக்காரர் போன்றவர்களும் உயில் எழுதினார்கள். உங்கள் ஆளுடையது இல்லையென்றாலும் அவருடைய மணமாகாத அத்தையுடையதைப் பாருங்கள். அத்தைகள் எல்லா மருமக்கள் பெயரையும் எழுதிவைப்பார்கள்.

குடியிருந்த இடத்தை நேரில் காண 1836 சட்டத்துக்குப் பின் வரைந்த தசமபாக (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு) வரைபடங்கள் உதவும். ஒவ்வொரு வயலுக்கும் வீட்டுக்கும் எண். கூடவே உள்ள பட்டியலில் உடைமையாளர், குடியிருப்பவர், வயலின் பெயர், பரப்பளவு. கிராமம் ஒரே பெருநிலக்காரருடையதாக இருந்தால் அந்த எஸ்டேட்டின் வாடகைப் புத்தகங்களையும் கேளுங்கள். ஸ்டீவென்டனுக்கு அது நைட் குடும்பம்.

காப்பகத்துக்குப் போகும் நாள்

இணையத்தில் இல்லாதவை, குறிப்பாக ஏழைகள் சட்டக் காகிதங்கள், நேரில் போனால்தான் கிடைக்கும். போவதற்கு முன் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பாரிஷ் பெயரைத் தேடி, வேண்டிய கட்டுகளின் எண்ணைக் குறித்து, மேசை பதிவுசெய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். படம் எடுக்கக் கட்டணம் இருக்கலாம். ஒவ்வொரு கட்டையும் படம் எடுக்கும்போது முதல் படம் கட்டின் எண்ணாக இருக்கட்டும். தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள்: எந்த ஏடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தேன், இல்லை. இல்லையென்றால் அடுத்த வருஷம் அதையே மறுபடி புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தடம் இந்தியாவுக்குத் திரும்பினால்

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இதுதான் தலைகீழாக நடக்கும். இந்தியாவில் தொடங்கி அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும். மதராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கத்தின் நகல்கள் லண்டனுக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸுக்கென்று தனி வரிசையாக உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்திலும் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்றே இயங்கும் ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் இலவசத் தேடல் உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயப் பதிவேடு 1680இல் தொடங்குகிறது.

இந்த வழியும் ஸ்டீவென்டன் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. ரெக்டர் ஜார்ஜ் ஆஸ்டெனின் அக்கா ஃபிலடெல்ஃபியா கென்ட் கவுண்டியில் 1730இல் பிறந்தவர். பெற்றோரை இழந்தபின், லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பி தைப்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு இந்தியா போகக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி கேட்டு, 1752இல் மதராஸில் வந்து இறங்கினார். 1753 பிப்ரவரியில் கடலூரில் கம்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை மணந்தார். ஞானஸ்நானம் ஒரு கவுண்டியில், தொழில் பழகிய ஒப்பந்தம் லண்டனில், பயண அனுமதி கம்பெனி ஏட்டில், திருமணம் நம் கடலூரில். உங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போதும் இதே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மதராஸ் திருமணப் பதிவில் தகப்பன் பெயர் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலோ பட்டாளத்திலோ இருந்தவர் என்றால், அவரைச் சேர்த்த ஆவணத்தில் பிறந்த பாரிஷின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிடைத்ததும் அந்தக் கவுண்டி காப்பகத்தின் பட்டியலைத் திறக்கலாம்.